ரேடியோ பேசட்டும்: எல்.இ.டி. இரைச்சல் பற்றிய கேள்வி பதில்கள்

ரேடியோ பழுது பார்ப்பதே பிழைப்பாக இருந்தவன் நான். இப்போது கண் பார்வை மங்கிவிட்டதால் சால்டரிங் அயர்ன் பிடிப்பது குறைவு, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அதிகம். எல்.இ.டி. விளக்கு போட்டதும் ரேடியோ கரகரக்கிறது என்று வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது இருபது வருடத்துப் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. மத்திய அலையில் தினமும் செய்தி கேட்பேன். கூடத்தில் குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டதிலிருந்து ஒரே கரகரப்பு. மெக்கானிக் ‘ரேடியோ போச்சு’ என்கிறார். புதிது வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். புது ரேடியோவும் அதே இடத்தில் அப்படித்தான் கத்தும். மெக்கானிக்கைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், நானே ஏமாந்தவன்.

மாடிப்படியில் ஒரு எல்.இ.டி. பல்ப் மாட்டிய வாரம், என் ரேடியோவில் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ‘ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். இரவில் மட்டும் வரும். பகலில் ரேடியோ நன்றாகப் பாடும். மெயின்ஸில், அதாவது வீட்டுக் கரன்டில், வருகிறதோ என்று பேட்டரி போட்டுப் பார்த்தேன், அப்போதும் இருந்தது. வால்யூம் கன்ட்ரோலைக் கழற்றிக் கழுவினேன். பேண்ட் சுவிட்சைச் சுத்தம் செய்தேன். சந்தேகத்துக்கு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் இரண்டை மாற்றினேன். மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் இரவு கரன்ட் போனது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோ அந்த நொடியே கண்ணாடி மாதிரி பேசியது. அரை மணி நேரம் கழித்துக் கரன்ட் வந்தது, மாடிப்படி விளக்கு எரிந்தது, தேனீக்களும் வந்துவிட்டன. இரவில் மட்டும் வருகிற சத்தத்துக்கு ரேடியோவைத் திறந்து பார்த்தவனை என்னவென்று சொல்வது!

சரி, விஷயத்துக்கு வருவோம். சத்தம் போடுவது வெளிச்சம் தருகிற எல்.இ.டி. அல்ல. பேட்டரியோடு ஒரு ரெசிஸ்டரை வைத்து நேராக எரிய விட்டால் எல்.இ.டி. வாயே திறக்காது. பல்பின் கழுத்துக்குள் ஒரு குட்டி போர்டு இருக்கிறதே, ‘டிரைவர்’ என்பார்கள், வினை அங்கேதான். சுவரிலிருந்து திசை மாறி மாறி வருகிற ஏசி மின்சாரத்தை அது முதலில் ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்குகிறது. பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அந்த டிசியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, அனுப்புகிறது. காயில் அதை நிரவி எல்.இ.டி.களுக்குக் கொடுக்கிறது. இவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் சின்னக் காயில் போதுமானதாக இருக்கிறது, சூடாக வீணாவதும் குறைகிறது. ஆனால் மின்சாரத்தைச் சடக்கென்று நிறுத்தி, சடக்கென்று விட்டால் ரேடியோ அலை பிறக்கும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெர்ட்ஸ் 1887-88இல் மின்பொறியை வைத்து உலகத்துக்குக் காட்டியதே அதைத்தான். உங்கள் கூடத்தில் இருப்பது ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், அதை யாரும் டிரான்ஸ்மிட்டராக நினைத்துச் செய்யவில்லை என்பதைத் தவிர.

ஒரு கணக்குப் பாருங்கள். டிரைவர் 60 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 ஆயிரம் தடவை, வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரைச்சல் 60இல் மட்டும் நிற்காது. 120, 180, 240 என்று அதன் மடங்குகளிலெல்லாம் ஏறி வரும். மத்திய அலை ஏறக்குறைய 530 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆக 540, 600, 660 என்று வரிசையாக உங்கள் டயலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். டியூனிங் குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், சில பல்புகளில் இரைச்சல் மேடும் பள்ளமுமாக ஒரே இடைவெளியில் வருவது காதுக்கே தெரியும். வேறு சில பல்புகளில் அந்த வேகம் கொஞ்சம் அலைபாய்வதால் மேடெல்லாம் கரைந்து டயல் முழுக்க ஒரே இரைச்சலாகிவிடும். அந்த ‘ர்ர்ர்’ மெயின்ஸின் தாளம். மெயின்ஸ் நொடிக்கு 50 சுற்று என்றால், டிசி ஆக்கும்போது நொடிக்கு 100 மேடு வருகிறது. இரைச்சல் அந்த மேடுகளோடு ஏறி இறங்குவதால் நமக்கு 100 ஹெர்ட்ஸ் உறுமலாகக் கேட்கிறது.

அப்புறம் ஏரியல். 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். விரல் நீளம்கூட இல்லாத போர்டு தானாக அதைப் பெரிதாக ஒலிபரப்பிவிட முடியாது. ஆனால் பல்ப் மாட்டியிருக்கும் ஹோல்டரிலிருந்து சுவிட்ச் வரை, சுவிட்சிலிருந்து மெயின் போர்டு வரை, வீடு முழுக்கச் சுவருக்குள் ஒயர் ஓடுகிறது. இரைச்சல் அதில் ஏறிக்கொள்கிறது. மாடிப்படி பல்புக்கும் என் மேஜைக்கும் நடுவே இரண்டு சுவர் இருந்தும் ஒன்றும் பயன்படாமல் போனது இதனால்தான்.

கேள்வி: எஃப்எம் சுத்தமாகக் கேட்கிறது, மத்திய அலை மட்டும் நாசம். ஒரே ரேடியோவில் இது எப்படி?

பதில்: மத்திய அலையில் குரல், ரேடியோ அலையின் உயரத்தில் ஏற்றப்படுகிறது. இரைச்சலும் அந்த உயரத்தில்தான் கை வைக்கிறது. எது அறிவிப்பாளர், எது பல்ப் என்று ரேடியோவுக்குத் தெரிய வழியில்லை. எஃப்எம்மில் குரல் இருப்பது அலைவெண்ணின் அசைவில். உயரத்தில் வரும் கோணல்களை ரேடியோ கத்தரித்துத் தள்ளிவிடும். அமெரிக்க இன்ஜினியர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் பாடுபட்டு 1933இல் இதற்குக் காப்புரிமை வாங்கியதே இரைச்சலை ஒழிக்கத்தான். கூடவே, எஃப்எம் 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. மடங்குகள் அவ்வளவு தூரம் ஏறி வருவதற்குள் பெரும்பாலும் இளைத்துவிடும்.

கேள்வி: எனக்கு எஃப்எம்மே போய்விட்டதே சார்! கூரையில் 12 வோல்ட் குட்டி ஸ்பாட் லைட் ஆறு பதித்தோம். அதைப் போட்டால் ஸ்டேஷன் அப்படியே மூழ்கிவிடுகிறது.

பதில்: மேலே ‘பெரும்பாலும்’ என்று எழுதியது உங்களுக்காகத்தான். 12 வோல்ட் ஸ்பாட் லைட் தனி வகை. விளக்குக்குள் ஒரு வெட்டு, அதற்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டிக்குள் இன்னொரு வெட்டு, இரண்டுக்கும் நடுவே கூரைக்குமேல் தொங்கும் ஒயர். 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது 75 சென்டிமீட்டர். பெட்டியிலிருந்து விளக்குக்கு விடுகிற ஒயரும் கிட்டத்தட்ட அந்த நீளம்தான். எஃப்எம்முக்கு இதைவிட வாகான ஏரியலைக் காசு கொடுத்தும் செய்ய முடியாது.

இது வீட்டோடு நிற்கிற தொல்லையும் அல்ல. 2018 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. கப்பல்களிலும் படகுகளிலும் மாட்டிய எல்.இ.டி. விளக்குகள் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவை மூழ்கடிக்கின்றன, கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் கெடுக்கின்றன என்று. அதோடு அவர்கள் சொன்ன சோதனை எளிமையானது. விளக்குகளை அணை, ரேடியோவை அமைதியான சேனலில் வை, இரைச்சல் அடங்கும் வரை ஸ்கெல்ச் என்ற இரைச்சல் அடக்கும் குமிழைத் திருப்பு, பிறகு விளக்கைப் போடு. ரேடியோ மறுபடி இரைந்தால் விளக்குதான் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஆறையும் ஹோல்டரிலிருந்து கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பல தடவை ஆறில் ஒன்றோ இரண்டோதான் மோசமாக இருக்கும். எல்லாமே மோசம் என்றால் மெயின்ஸிலேயே நேராக எரிகிற, இரைச்சலை வடிகட்டும் நல்ல ஃபில்டர் உள்ள விளக்காக மாற்றிவிட்டு அந்த 12 வோல்ட் பெட்டியைத் தூக்கிப்போடுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டில் இருபது விளக்கு இருக்கிறது. எது குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அதற்கான கருவி உங்கள் கையிலேயே இருக்கிறது. பேட்டரியில் ஓடும் மத்திய அலை ரேடியோ. மலிவானதாக இருந்தாலும் போதும்.

முதலில் ஸ்டேஷன் எதுவும் இல்லாத இடத்தில் டயலை வையுங்கள். ஸ்டேஷன் பலமாக இருந்தால் ரேடியோ தன் காதைத் தானே மூடிக்கொள்ளும், இரைச்சல் பின்னால் போய்விடும். ஸ்டேஷன் இல்லாதபோது காதை அகலத் திறந்துவைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது அதுதான். இப்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை முறையாக நிறுத்திவிடுங்கள், பிறகு என்னைத் திட்டக் கூடாது. மெயின் போனதும் இரைச்சல் அடங்கினால் திருடன் வீட்டுக்குள்தான். எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: கூடம், ஒன்றுமில்லை, சமையலறை, லேசாக, குளியலறை, பயங்கரம். ரேடியோவை ஒரே இடத்தில் ஒரே திசையில் வைத்திருப்பது முக்கியம். கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் ஒயருக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் சத்தம் கூடி உங்களைக் குழப்பும்.

விளக்கு மட்டும்தான் காரணம் என்றும் முடிவு கட்டாதீர்கள். போன் சார்ஜர், டிவி பெட்டி, சோலார் இன்வெர்ட்டர், குமிழைத் திருப்பினால் வேகம் குறையும் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் இதே ஜாதிதான். விளக்கு டிம்மரும் அப்படியே. அது குண்டு பல்ப் காலத்திலேயே ரேடியோவுக்கு எதிரி. எங்கள் வீட்டுப் பட்டியலில் இரண்டாவது இடம் பிடித்தது ஒரு போன் சார்ஜர். போனே இல்லாமல் சும்மா பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது!

கேள்வி: ஏரியலை முழுதாக இழுத்துவிட்டும் மத்திய அலையில் ஒரு மாற்றமும் இல்லையே?

பதில்: இருக்காது. இழுக்கிற கம்பி எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும் உரியது. மத்திய அலைக்கு ரேடியோவுக்குள் கறுப்பாக ஒரு ஃபெரைட் ராடு (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப்பொருளால் ஆன தண்டு), மேலே செம்புக் கம்பி சுற்றி, படுத்துக்கிடக்கிறது. அதற்கு ஒரு குணம் உண்டு. பக்கவாட்டிலிருந்து வருவதை நன்றாகக் கேட்கும், முனைக்கு நேராக இருப்பதைக் கேட்காது. அதனால் ரேடியோவை மேஜையில் வைத்து மெல்லச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று குறைந்து ஸ்டேஷன் எழும்பி வரும். அங்கேயே விட்டுவிடுங்கள், ரேடியோ சுவரைப் பார்த்து நின்றாலும் பரவாயில்லை. இரைச்சலும் ஸ்டேஷனும் ஒரே திசையில் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்காது.

சுவரிலிருந்து தள்ளி வைப்பதும் உதவும். சின்னக் கருவி ஒன்றின் காந்தப்புலம் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறையும். ஒயரில் ஏறிவிட்ட இரைச்சல் அவ்வளவு வேகமாகக் குறையாது, ஆனாலும் சுவிட்ச் போர்டுக்குக் கீழே இருப்பதற்கும் ஜன்னல் ஓரத்தில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

கேள்வி: கேபிளில் மாட்டும் ஃபெரைட் கிளிப் இரண்டு வாங்கி மாட்டினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை, இடம் தப்பு. அந்தக் கிளிப்புகள் பெரும்பாலும் பல மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்யச் செய்தவை. ஒயர் ஒரே ஒரு தடவை நுழைந்து போனால் மத்திய அலை இரைச்சல் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இதற்கு வேண்டியது பெரிய ஃபெரைட் வளையம், தாழ்ந்த அலைவெண்ணுக்கான ரகம், அதில் ஃபேஸ், நியூட்ரல் ஒயர் இரண்டையும் சேர்த்து எட்டுப் பத்துச் சுற்று. இரைச்சலுக்கு அது போடும் தடை, சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும். ஒரு சுற்றை மூன்றாக்கினால் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. வளையத்தை விளக்குக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். ரேடியோ பக்கம் மாட்டினால், வழியில் இருக்கும் ஒயர் எல்லாம் ஏற்கெனவே ஒலிபரப்பி முடித்திருக்கும். ரேடியோவே மெயின்ஸில் ஓடி, இரைச்சலும் அந்த ஒயர் வழியாகத்தான் வருகிறது என்றால் மட்டும் அங்கே மாட்டலாம். அதைத் தெரிந்துகொள்வது சுலபம்: பிளக்கைப் பிடுங்கி பேட்டரி போடுங்கள், குறைந்தால் ஒயர் வழி.

டேபிள் லேம்புக்கு, எல்.இ.டி. பட்டை விளக்கின் அடாப்டருக்கு இது நல்ல வைத்தியம். ஹோல்டரில் திருகுகிற ஒற்றை பல்புக்கு இவ்வளவு மெனக்கெடுவதைவிட பல்பை மாற்றிவிடலாம்.

கேள்வி: பழைய எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலன் நான். பல்பைத் திறந்து நானே ஃபில்டர் வைத்துவிடலாமா?

பதில்: திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேண்டாம். அந்த மாடிப்படி பல்பின் வெள்ளைத் தொப்பியை நெம்பி எடுத்தேன். அலுமினியத் தட்டில் மஞ்சள் பொட்டு வைத்த மாதிரி எல்.இ.டி.கள். தட்டுக்கு அடியில் தீப்பெட்டி அகலம்கூட இல்லாத போர்டு. அதில் ‘எல்1’ என்று அச்சடித்த இடத்தில் ஒரு காயில் இருக்க வேண்டும். காயிலுக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பியைக் குறுக்கே வைத்து ஈயம் பற்றவைத்திருந்தார்கள். ‘சி1’ என்ற கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெறும் துளை. போர்டை வரைந்த இன்ஜினியர் ஃபில்டருக்கு இடம் விட்டிருக்கிறார். செய்து விற்றவர்கள் அதை விழுங்கிவிட்டார்கள். கோபம் வந்தது, மறைக்க மாட்டேன்.

விடுபட்டதை வைத்தால் சரியாகும்தான். ஆனால் மெயின்ஸுக்குக் குறுக்கே சாதாரண கெப்பாசிட்டர் போடக் கூடாது; ‘எக்ஸ்2’ என்று அச்சடித்த ரகம்தான் போட வேண்டும். மற்றது வெடித்துத் தீப்பிடிக்கலாம். அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஷாக் மிச்சமிருக்கும். நெம்பிய தொப்பி பழையபடி உட்காராது, ஹோல்டரில் திருகும்போது விரல் படலாம். ஒரு பல்புக்காக இதெல்லாம் எதற்கு?

கேள்வி: அப்படியானால் இரைச்சல் இல்லாத பல்பை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: பெட்டியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. விதி இல்லாமல் இல்லை. ரேடியோ இரைச்சலுக்கென்றே சிஸ்பர் என்ற சர்வதேசக் குழு 1934லிருந்து இருக்கிறது. விளக்குகளுக்கு அது வகுத்தது ‘சிஸ்பர் 15’. 9 கிலோஹெர்ட்ஸிலிருந்தே அளக்கச் சொல்கிறது. ஆனால் ஐரோப்பாவின் சிஇ மாதிரியான முத்திரை, விதிப்படி இருக்கிறது என்று தயாரிப்பாளரே அறிவித்துப் போட்டுக்கொள்வது. சோதனைக்குப் போன பல்பில் இருந்த காயில், கடைக்கு வந்த பல்பிலும் இருக்கிறதா என்பது வேறு கதை. கனமான பல்ப் நல்ல பல்ப் என்பார்கள். அந்தக் கனம் வெறும் அலுமினியமாகவும் இருக்கலாம்.

என் வழி இதுதான். முதலில் ஒரே ஒரு பல்ப் வாங்குங்கள். ரேடியோவை வெற்று இடத்தில் டியூன் செய்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, பல்பைப் போடுங்கள். ஒரு சாண் தூரத்தில் எந்த எல்.இ.டி.யும் கொஞ்சம் முனகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு மீட்டரில் சத்தமில்லை என்றால் அதே மாடலில் மிச்சத்தையும் வாங்குங்கள், முடிந்தால் ஒரே சமயத்தில். அடுத்த தடவை அதே பெட்டிக்குள் வேறு போர்டு இருக்கலாம்.

வெட்டாமல் எரிகிற பல்புகளும் உண்டு. கெப்பாசிட்டர் ஒன்றை வைத்து மின்சாரத்தை மட்டுப்படுத்துபவை, நேராகவே கட்டுப்படுத்துகிற சிப் உள்ளவை. ரேடியோவுக்கு இவை தங்கம். கண்ணுக்கு அப்படி இல்லை. பலவற்றில் வெளிச்சம் மெயின்ஸ் தாளத்தில் துடிக்கும். படிக்கிற மேஜைக்கு வேண்டாம், வராந்தாவுக்குப் போடலாம்.

கேள்வி: எங்கள் வீட்டு மெயினையே அணைத்தும் இரைச்சல் போகவில்லை. பக்கத்து வீட்டில்தான் இருக்க வேண்டும். போய்ச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிக்கத்தான் செய்வார்கள். ‘உங்கள் பல்ப் என் ரேடியோவைக் கெடுக்கிறது’ என்று யாராவது வந்து சொன்னால் நானே முதலில் சிரித்திருப்பேன். வாயால் சொல்லாதீர்கள், ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போங்கள். அவர்கள் கூடத்தில் வைத்து, அவர்கள் கையாலேயே சுவிட்சைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் இரைச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது நிற்கிறது என்று மூன்று நான்கு நாள் குறித்துவையுங்கள். அந்தி சாயும்போது வந்து விடியும்போது போகிறதென்றால் வாசல் விளக்காகவோ தெருவிளக்காகவோ இருக்கும். தெருவிளக்காக இருந்தால் அந்தக் குறிப்போடு விளக்கைப் பராமரிப்பவர்களிடம் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீடு என்றால், நல்லதாகச் சோதித்த பல்ப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரு பல்பைச் சும்மா கொடுத்துச் சண்டையைத் தவிர்ப்பது லாபம்தான்.

கேள்வி: உங்கள் மாடிப்படியில் இப்போது என்ன பல்ப் எரிகிறது?

பதில்: வேறொரு எல்.இ.டி. தேனீ இல்லை. பழையதை நான் தூக்கிப்போடவில்லை. தொப்பிக்கு டேப் ஒட்டி, ஒரு மரப்பெட்டிக்குள் ஹோல்டரில் மாட்டி வைத்திருக்கிறேன். யாராவது ‘ரேடியோ கரகரக்கிறது’ என்று கொண்டுவந்தால் முதலில் ரேடியோவை அமைதியாகப் பாட விடுவேன், பிறகு அந்தப் பெட்டியின் சுவிட்சைப் போடுவேன். ‘இந்தச் சத்தம்தானா?’ என்று கேட்பேன். பாதிப் பேர் ரேடியோவைத் திறக்க விடாமலே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.